ஐம்பத்து மூன்று கிலோ

அன்று சனிக்கிழமை. சந்திரலேகா அரை இட்லி சாப்பிட்டாள். சட்னியில் இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்றாள். எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஒரு பட்டம் மாட்டிக்கொண்டிருந்தது. அதை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா, நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இதய நோயாளிகளின் வீட்டாரை உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். அதில் வந்து என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்றேன். அப்படியானால் மனைவியை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன் என்றீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டுவதா, வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சூளை பார்த்தவன் நான். ப்ளஸ் டூ வரை படித்தேன். அதன் பிறகும் கையில் கிடைப்பதைப் படிக்கிற பழக்கம் போகவில்லை. அதனால்தான் நீங்கள் கொடுத்த சிறு புத்தகத்தை மற்றவர்களைப் போல ஜன்னல் கம்பியில் செருகி வைக்காமல் மூன்று முறை படித்தேன்.

சூட்டை ஏற்றுவது யாருக்கும் வரும். ஏறிய சூட்டை அதே இடத்தில் பிடித்து வைப்பதுதான் சூளைக்காரனின் வேலை. கூடினால் பொம்மை வளைந்து சாய்ந்துவிடும். குறைந்தால் மேல்பூச்சு மினுங்காது. மீட்டர் முள் அசையாமல் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். பேட்டையில் அந்த வேலைக்கு ராஜவேலை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். நான் மறுத்ததில்லை.

சந்திரலேகா நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டையும் கிடையாது. சிலிண்டர் பதிவதிலிருந்து மகள் கனிமொழியை காலேஜில் சேர்த்தது வரை எல்லாவற்றையும் அவளே முடித்துவிடுவாள். நான் ஏதாவது செய்யப் போனால், "நீங்க சூளைய பாருங்க, வூட்ட நான் பாத்துக்குறேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான் வேலை முடிந்து வரும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும். அவள் இருக்க மாட்டாள். யாருடைய மனுவையாவது எழுதிக்கொண்டு, யாருக்காவது துணையாக தாலுகா ஆபீசில் நின்றுகொண்டு இருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தை மாதத்தில் அவளுக்கு இடது தோள் வலித்தது. பள்ளிக்கூடத்தில் அண்டா தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். வியர்த்தது. கேஸ் என்று சோடா குடித்தாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியாகத்தான் வரும் என்பதில்லை என்று பிறகு நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்து உங்களிடம் வந்தபோது இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மீதி இருக்கிற தசை, போனதன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது என்றீர்கள். முன்னால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். அந்தத் தேக்கம் நீராகக் கசிந்து காலில் இறங்கும், வயிற்றில் சேரும், கடைசியில் நுரையீரலுக்குப் போகும். இதை நீங்கள் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். உப்பு நீரைப் பிடித்து வைக்கும், ஆகவே உப்பைக் குறைக்க வேண்டும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்பு எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே வர வேண்டும்.

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை. ஒரு முள், ஒரு எண். அந்த வாரமே கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டேன். எடை மிஷின் வாங்கினேன். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் எடை ஐம்பத்தொன்று.

ஐம்பத்தொன்றில் அவள் நன்றாக இருந்தாள். ஒரு மாதத்தில் தானாகக் குளித்தாள், எதிர்வீடு வரை போய் வந்தாள். ஓசூரிலிருந்து கனிமொழி போன் பண்ணினால் மணிக்கணக்கில் பேசினாள். கனிமொழியும் அவள் கணவன் பாரியும் அங்கே வேலை பார்க்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது சந்திரலேகா சொன்னாள்.

"ஒடம்பு கொஞ்சம் தேறுனதும் ஓசூர் போயிடறேன். கொழந்தய பாத்துக்கிட்டு அங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டு போங்க" என்றாள்.

கோபமில்லாமல், பால் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். நானும் கோபப்படவில்லை. ஓசூருக்கு ஆறேழு மணி நேரப் பயணம், டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் என்றேன். உங்களைக் கேட்டோம். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஒருதரம் ஏறி இறங்கட்டும், அனுப்பலாம் என்றீர்கள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் படிதான் நினைப்பு.

மாசிமகத்துக்கு எதிர்வீட்டு வளர்மதி புளியோதரை கொடுத்து அனுப்பினாள். ஒரு கிண்ணம்தான். சந்திரலேகா ஆசையாகச் சாப்பிட்டாள், நான் தடுக்கவில்லை. அதில் திட்டம் எதுவும் இல்லை. இரண்டு நாளில் முள் ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. கால் வீங்கியது. கட்டிலிலிருந்து எழ என் தோளைப் பிடித்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அவள் என் மார்பில் முதுகைச் சாய்த்துத் தூங்கினாள். கை என் முழங்கையைப் பிடித்தபடி இருந்தது. இருபத்தேழு வருடத்தில் அவள் என்மேல் சாய்ந்து தூங்கியது அதுவே முதல்முறை. விழித்தபோது, "எங்கயும் போயிடாதீங்க" என்றாள்.

உங்களிடம் காட்டி மாத்திரையைக் கூட்டினோம். நீர் இறங்கியது. ஐம்பத்தொன்றுக்கு வந்ததும் அவள் எழுந்து போய்ப் படிக்கட்டின் கீழே நின்றாள்.

இதற்கு மேல் நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். உங்கள் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், நாக்குக்கு உப்பாகத் தெரியாத உப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆப்ப சோடாவும் அதில் உண்டு. அது இட்லி மாவில் சேர்ந்தால் இட்லி மென்மையாக வரும், அவ்வளவுதான். சந்திரலேகாவே பாராட்டினாள். வளர்மதியிடம், "இவரு சுடுற இட்லி பூ மாரி இருக்குது" என்றாள். வளர்மதி, அண்ணனுக்குக் கோயில் கட்ட வேண்டும், தன் வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்றாள். "கோயில கட்டுனா பூசாரி வேலையும் என் தலையிலதான் வுழும். வேணாம் வுடு" என்றாள் சந்திரலேகா. எல்லோரும் சிரித்தோம்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை. ஐம்பத்தைந்து ஆபத்து என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகவே விடவில்லை. ஐம்பத்தொன்றில் அவள் ஊர்க்காரி. ஐம்பத்து மூன்றில் அவள் என் மனைவி. ஆகவே ஐம்பத்து மூன்றில் பிடித்து வைத்தேன். அரை கிலோ ஏறினால் ஒருநாள் கஞ்சி. அரை கிலோ இறங்கினால் மறுநாள் இட்லி. நோட்டில் ஐம்பத்தொன்று என்று எழுதினேன். சர்க்கரையால் கண் மங்கி, மிஷினின் எண் அவளுக்குத் தெரியாது. நான்தான் படித்துச் சொல்வேன்.

உங்களிடம் வரும் நாளுக்கு ஐந்து நாள் முன்பே எல்லாவற்றையும் நிறுத்தி, நீங்கள் சொன்னபடி சமைப்பேன். உங்கள் மிஷினும் ஏறக்குறைய என் நோட்டைத்தான் சொல்லும். வீட்டுக்குப் போனால் மறுபடி மூச்சு வாங்குகிறது என்று அவள் சொல்வாள். ஆட்டோவில் வந்து போவதே அவளுக்கு ஆகவில்லை என்று நான் சொல்வேன். அப்படியிருக்க ஓசூர் எப்படி என்பீர்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருமுறை, "ராஜவேல், இத ஜெராக்ஸ் எடுத்துக்கவா? மத்தவங்களுக்குக் காட்டணும்" என்று கேட்டீர்கள். சந்திரலேகா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

போனில் பேசினால் அவளுக்கு மூச்சு இளைத்தது. அதனால் போனை நான் வைத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள். பேச்சுக் கொடுத்தால் களைத்துவிடுவாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். உங்கள் புத்தகத்திலும் ஓய்வு அவசியம் என்றுதான் இருக்கிறது. நானும் எங்கும் போகவில்லை. தம்பி மகளுக்குத் திட்டக்குடியில் கல்யாணம், அதற்கும் போகவில்லை. காலையில் எடை, மாத்திரை, கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது, தண்ணீரை அளந்து ஊற்றுவது, தலையணையை அடுக்குவது. இரண்டு வருடம். அந்த அறையில் அவள் இருந்த அளவுக்கு நானும் இருந்தேன். அடைபட்டது அவள் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு கனிமொழி குழந்தையுடன் வந்தாள். அப்பா ரெண்டு வருஷமா அடுப்படியில் நிற்கிறார், இந்த வாரம் நான் சமைக்கிறேன் என்றாள். மறுத்தால் நன்றாக இருக்காது. நாலு நாளில் சந்திரலேகா ஐம்பத்தொன்றுக்கும் கீழே வந்தாள். ஐந்தாம் நாள் காலை படியில் செருப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் மேலே நிற்கிறாள், சந்திரலேகா கடைசிப் படியில். சுவரைப் பிடித்திருந்தாள், ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"அப்பா, திங்கக்கெழம அம்மாவ எங்கூட கூட்டிக்கிட்டு போறேன்" என்றாள் கனிமொழி.

நல்லது என்றேன். துணிகளை எடுத்து வைக்கச் சொன்னேன். நீ பிள்ளையைப் பார், பயணத்துக்கு ஏற்பாடு பண்ணு, சனி ஞாயிறு நான் சமைக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை சந்திரலேகாவால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. உங்களிடம் கொண்டுவந்து ஊசி போட்டோம். படி ஏறியதுதான் காரணமாக இருக்கும் என்று கனிமொழி அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். லீவு முடிந்து அவள் குழந்தையோடு தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

அவள் போன மறுநாள் காலையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சந்திரலேகா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கனி சமைச்சா எழுந்து நடக்குறேன். நீங்க சமைச்சா படுத்துக்குறேன். அது ஏங்க?"

மகளைப் பார்த்த தெம்பு என்றேன். அவள் தலையாட்டினாள். இட்லியைப் பிட்டாள். ஒன்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, போதும், பசியில்லை என்றாள். அன்றிலிருந்து எதை வைத்தாலும் பாதிதான். கஞ்சியில் பாதி, சோற்றில் பாதி. சில நாள் வெறும் வாழைப்பழம். இந்த நோயில் பசி குறையும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

என் தவறு இனிமேல்தான் வருகிறது. அதை மட்டுமாவது அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

எங்கள் தொழிலில் அச்சு செய்யும்போதே பொம்மையை எட்டில் ஒரு பங்கு பெரிதாக வைத்துத்தான் செய்வோம். மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். பேட்டையில் நேற்று சேர்ந்தவனுக்கும் இது தெரியும். முப்பத்தோரு வருடம் சூளை பார்த்த நான் அதை மறந்தேன். அவள் பாதி வயிறாகச் சாப்பிட்ட மாதங்களில் உடம்பில் சதை வற்றிக்கொண்டே வந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ரவிக்கையை ஊசி போட்டுப் பிடித்தாள். "அக்கா ரொம்ப எளச்சுட்டாங்களே அண்ணே" என்று வளர்மதி வாசலில் நின்று சொன்னாள். இளைக்கவில்லை, எடை அப்படியேதான் இருக்கிறது என்றேன். அது உண்மை. முள் ஐம்பத்து மூன்றிலேயே நின்றது. நான் நிறுத்தி வைத்தேன்.

சதை ஒரு கிலோ போனால், எடை மாறாமல் இருக்க நீர் ஒரு கிலோ ஏற வேண்டும். நாலு கிலோ போனால் நாலு கிலோ. முள் எனக்கு ஐம்பத்து மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் ஐம்பத்தேழுக்குப் போயிருந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உடல் மெலிவு என்ற தலைப்பில் இது தெளிவாக இருக்கிறது. வறண்ட எடையை, அதாவது நீர் சேராத உடம்பின் எடையை, அவ்வப்போது டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் படித்திருந்தேன். அந்த மாதங்களில் ஆட்டோ அவளுக்கு ஆகவில்லை என்று சொல்லி உங்களிடம் அவளைக் கூட்டிவராமல், நோட்டை மட்டும் கொண்டுவந்து காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை தட்டை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூச்சில் கொதிக்கிற பானை போலச் சத்தம் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"கனிய கூப்புடுங்க" என்றாள்.

காலையில்தான் எடை பார்த்திருந்தேன். எண் சரியாக இருந்தது. ஆகவே இது வழக்கமாக வருவதுதான், உட்காரவைத்தால் அடங்கும் என்று பின்னால் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து அவளை என்மேல் இழுத்துக்கொண்டேன். அவள் சாயவில்லை. முன்னால் சரியப் பார்த்தாள். களைப்பில் புரியாமல் செய்கிறாள் என்று கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை மகளின் பெயரைச் சொன்னாள். நாற்பது நிமிடம் அப்படி இருந்தோம். பிறகு அவள் சாய்ந்தாள். அதற்குப் பிறகுதான் 108க்குப் போன் பண்ணினேன், அதற்கும் பிறகு கனிமொழிக்கு.

சான்றிதழில் இதயச் செயலிழப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். என் தோளைத் தட்டி, உங்களைப் போல ஒருவர் இருந்ததால்தான் இத்தனை நாள் என்றீர்கள். அந்தச் சொல்தான் இதை எழுதவைத்தது. இத்தனை நாள் இருந்தது அவள் இதயத்தால். முடிந்தது என்னால். அவளுக்கு உப்பு வைத்தது நான். நோட்டில் பொய் எழுதியது நான். போனைத் தராமல் நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்ததும் நான். இதை நீங்கள் போலீசில் கொடுத்தால் நான் மறுக்க மாட்டேன். கையெழுத்து என்னுடையதுதான், நோட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவள் விருப்பத்துக்குக் குறுக்கே நின்றேன் என்று யாராவது சொன்னால் அது நியாயமில்லை. ஓசூர் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். அனுப்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டிருந்தால் நானே பஸ் ஏற்றி விட்டிருப்பேன். கேட்காததுதான் அவள் குறை. கேட்டால் மறுக்கிற மனுசன் இல்லை நான்.

பால் தெளித்த அன்று எலும்பைப் பொறுக்கி மண் கலயத்தில் எடுத்துவந்தோம். கனிமொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாதிய எங்கிட்ட குடுங்கப்பா. ஒகேனக்கல்ல கரச்சிக்கிறேன். அங்க வரணும், வரணும்னு இருந்தாங்க. ஒங்கள கெஞ்சிக் கேக்குறேன்."

பாதியாகப் பிரிக்கக்கூடாது, மணிமுத்தாற்றில் விட்டால் காசிக்கே போக வேண்டியதில்லை என்று வெளியூர்க்காரர்களே இங்கே தேடி வருகிறார்கள் என்றேன். ஆற்றுக்கு நான் மட்டும் போனேன். கலயத்தைத் தண்ணீரில் விட்டேன். அதில் இருந்தது பேட்டையில் பொறுக்கிய உடைந்த பொம்மைத் துண்டுகளும் சூளைச் சாம்பலும். கனிமொழி அதுதான் என்று நினைத்து, போகிற வழியில் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓசூர் போனாள்.

சந்திரலேகா வீட்டில்தான் இருக்கிறாள். நானே சுட்ட ஒரு வெள்ளை ஜாடியில், கட்டிலுக்குப் பக்கத்தில். கடைத்தெரு வரை போய் வருவதானாலும், அவள் உயிரோடு இருந்த இரண்டு வருடமும் செய்தது போலவே, இப்போதும் கதவை வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறேன்.